சுண்ணாம்பு அடித்த சுவர்

ஜீவனஹள்ளி, பெங்களூர்
24-6-2024

அன்புத் தங்கச்சி மரகதத்துக்கு அண்ணன் ராமலிங்கம் சொல்லி எழுதுவது. நான் உயிரோடும் பாதிப் பல்லோடும் இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாரிக்குப்பத்தில் மழை உண்டா?

போன் இனி வேண்டாம். முப்பத்தோரு வருஷம் தங்கச் சுரங்கத்தில் வெடி வைத்த காது இது. நீ அங்கே கத்துவதும் நான் இங்கே "ஆ? ஆ?" என்பதும் தெருவுக்கே வேடிக்கையாகிவிட்டது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். போனுக்கு உதடு ஏது? எனக்கோ எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டு ஆஞ்சலாதான் எழுதித் தருகிறாள். சர்ச் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. சொன்னதைச் சொன்னபடி எழுதுவாள், கெட்ட வார்த்தை வந்தால் மட்டும் பேனாவை மூடிவிடுவாள். ஆகவே இந்த வீட்டின் சொந்தக்காரன் சுதீரைப் பற்றி நான் சொன்னதில் பாதி இந்தக் கடிதத்தில் இல்லை.

மகன் குணசேகரும் மருமகள் லாவண்யாவும் பேத்தியும் படுக்கிற உள் அறையில் மேற்குச் சுவர் முழுக்கப் பூசணம். சித்திரையில் உள்ளங்கை அகலம் இருந்தது. இப்போது கட்டிலைத் தாண்டி ஏறிவிட்டது. கறுப்பு, ஓரத்தில் பச்சை. லாவண்யா துடைக்கிறாள், நாலே நாளில் திரும்ப வருகிறது. தீபிகாவுக்கு ஆறு வயது. காலையில் அவள் படுத்திருக்கும்போது விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வருகிறது. அந்த மூச்சின் சத்தம் எனக்குக் கேட்காது, கண்ணுக்குத் தெரிகிறது. உன் வீட்டுக்காரர் உத்தமனுக்குக் கடைசி வருஷம் இப்படித்தான் ஏறி இறங்கியது.

சுவரைச் சுத்தியால் தட்டிப் பார்த்தேன். கல் எங்கே உள்ளே காலியாகப் பொக்கு என்று உள்ளங்கையை வைத்துக் கண்டுபிடித்தவன் நான். இடுப்பு உயரத்தில் ஒரு முழத்துக்குப் பொக்கு. மேல்மாடியில் சுதீர் குளிக்கும்போதெல்லாம் அந்த இடம் சில்லென்று ஆகிறது. உள்ளே குழாய் உடைந்திருக்கிறது. அவனிடம் போய்ச் சொன்னேன்.

"குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாத்தா. நீங்க நாலு பேர் உள்ள மூச்சு விட்றீங்க, சோறு வடிக்கிறீங்க. அந்த ஆவிதான்."

லாவண்யா கேட்டாள்: "அப்ப நாங்க என்ன சார் பண்றது?"

"மூச்ச கம்மியா விடுங்க" என்று சொல்லிச் சிரித்தான்.

சிரிக்கும்போது அவன் பற்களை எண்ணினேன். எத்தனை அடிக்கு எத்தனை விழும் என்று கை தானாகக் கணக்குப் போட்டது. பயப்படாதே, கணக்கோடு நிறுத்திக்கொண்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் ராமலிங்கம் (கைநாட்டு)


மாரிக்குப்பம்
9-7-2024

வணக்கத்துக்குரிய அண்ணாவுக்கு மரகதம் எழுதிக்கொள்வது. முழங்கால் வெயிலில் நல்லவள், மழையில் பொல்லாதவள். மற்றபடி சுகம். குழந்தைக்கு வெந்நீர் கொடுங்கள், ஈரத்தில் விடாதீர்கள்.

கணக்கு என்று எழுதியிருந்தீர்கள். அண்ணா, உங்கள் கைக்குக் கணக்கு தெரியாது. எழுபத்தெட்டில் என்ன நடந்தது? வெடிப்புகை அடங்குவதற்கு முன்னால் ஆட்களை உள்ளே அனுப்பி மூன்று பேரைச் சாகடித்தான் அந்த மேஸ்திரி. அவன் தாடையைச் சந்தையில் வைத்து உடைத்தீர்கள். ஊரே உங்களை மெச்சியது. நாலு மாதம் கோலார் ஜெயிலில் இருந்தீர்கள். அந்த நாலு மாதத்துக்குள் அம்மா போய்விட்டாள். தூக்கிய நாலு பேரும் வெளியாட்கள். மெச்சினவன் ஒருத்தனும் தோள் கொடுக்கவில்லை.

இதை ஆஞ்சலா உங்கள் காதில் கத்திப் படிக்கும்போது தெருவே கேட்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கேட்கட்டும். பேத்தி மேல் சத்தியமாக அந்த ஆள் மேல் கை வைக்க மாட்டேன் என்று பதில் எழுதுங்கள்.

தங்கை மரகதம்


ஜீவனஹள்ளி
19-8-2024

அன்புத் தங்கச்சிக்கு. பதில் தாமதம், ஆஸ்பத்திரியில் இருந்தோம். எனக்கு ஒன்றுமில்லை. தீபிகாவுக்குத்தான்.

ஆகஸ்ட் பன்னிரண்டு, திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்குக் குழந்தையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. குணசேகர் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று நாள் முகமூடி வைத்து ஆவி கொடுத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. என் முகத்துக்கு நேரே வந்து சொன்னாள்: "பூசணத்துலருந்து புள்ளைய எடுங்க. இல்ல, புள்ளகிட்டருந்து பூசணத்த எடுங்க. ரெண்டுல ஒண்ணு செய்யலைன்னா திரும்ப இங்கதான் வரணும். எல்லா தடவையும் நேரத்துக்கு வந்து சேர முடியாது."

வீட்டுக்கு வந்ததும் குணசேகர் மேலே போனான். நானும் பின்னாலேயே படியேறினேன். "சார், என் செலவுல பிளம்பரக் கூட்டிட்டு வரேன், சுவரத் தொறந்து பாக்கட்டும்" என்று கேட்டிருக்கிறான். அறைந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மகனுடைய தலை ஒரு பக்கமாகத் திரும்பியதைத்தான் பார்த்தேன். பிறகு சுதீரின் உதடு: "என் சுவத்த ஒடைக்க நீ யாருடா?"

என் மகன் பதினாறு வருஷமாகச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். ஐம்பது கிலோ மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிறவன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினான். ஏன் வாங்கிக்கொண்டு வந்தாய் என்று கேட்டேன். "லீஸ் பணம் முழுக்க அவங்கிட்ட இருக்குப்பா" என்றான்.

உனக்கு லீஸ் என்றால் தெரியாது. இந்த ஊரில் மாத வாடகை இல்லாமல் ஒரே தடவையாகப் பெரிய தொகையைக் கொடுத்து வீட்டுக்குள் போவது, வெளியேறும்போது அதையே திரும்ப வாங்குவது. சுரங்கத்தை மூடியபோது எனக்குக் கிடைத்தது அத்தனையும் அதில்தான் இருக்கிறது. கேட்டால் அடுத்த ஆள் வந்தால் தருகிறேன் என்கிறான். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு எவன் வருவான்?

நீ கேட்ட சத்தியத்தைச் செய்கிறேன். பேத்தி மேல் ஆணை. ஆனால் தங்கச்சி, அன்றிலிருந்து சுத்தியைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறேன். சுவரைத் தட்டிப் பார்க்கத்தான்.

அண்ணன் (கைநாட்டு)


மாரிக்குப்பம்
2-9-2024

அண்ணாவுக்கு வணக்கம். குழந்தையை நினைத்துச் சாமிக்கு மஞ்சள்துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன். இப்போது எப்படி இருக்கிறாள்?

கோர்ட் வளாகத்தில் இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறதாம். நம் சுரங்கக் குடியிருப்பு லைனில் ஓய்வூதிய கேஸ் நடத்திய ஷங்கர் சொன்னான். வக்கீலுக்குக் காசு வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாயால் சொன்னாலே அவர்கள் எழுதிக்கொள்வார்களாம். குணசேகரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சுத்தியைப் பரண்மேல் போடுங்கள்.

மரகதம்


ஜீவனஹள்ளி
14-10-2024

அன்புத் தங்கச்சிக்கு. சட்ட உதவிக்குப் போனோம். ராஜலக்ஷ்மி என்று ஒரு வக்கீலம்மா. பொரி பொரிகிற மாதிரி படபடவென்று பேசுகிறாள். ஆனால் எனக்காக மட்டும் நிறுத்தி நிறுத்தி உதட்டை அசைத்தாள்.

"மாச வாடகைன்னா ஈஸி தாத்தா. நோட்டீஸ் குடுத்துட்டு, நீங்களே ரிப்பேர் பண்ணி வாடகைல கழிச்சுக்கலாம்னு வாதாடலாம். உங்களுக்குக் கழிக்க வாடகையே இல்ல. காலி பண்ணிட்டுப் பணத்துக்குக் கேஸ் போடலாம். எத்தன வருஷம் ஆகும்னு என்னக் கேக்காதீங்க. அதுவரைக்கும் எங்க இருப்பீங்க?"

"தெருவுல" என்றேன்.

"வேணாம். நோட்டீஸ் விட்றேன், மனு போட்றேன். கோர்ட் ஒரு கமிஷனர அனுப்பும். அவர் வந்து கண்ணால சுவரப் பாத்து ரிப்போர்ட் எழுதுவார். போட்டோவ நம்பி நிக்க முடியாது, இது வேற வீட்டுச் சுவர்னு எதிர்வக்கீல் சொல்லிடுவான். கமிஷனர் கண்ணுதான் நமக்குச் சாட்சி."

நோட்டீஸ் சுதீர் கைக்குப் போன அன்றே தண்ணீரை நிறுத்தினான். மோட்டார் வால்வில் பூட்டு. மூன்று நாள் எதிர்வீட்டு லட்சுமம்மாதான் குடம் குடமாகக் கொடுத்தாள். தண்ணீரை நிறுத்துவது குற்றம் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தாள். நாலாம் நாள் காலை நான் போய்ப் பூட்டை உடைத்தேன். ஒரே அடி. பூட்டுதான், ஆளில்லை. சத்தியம் அப்படியே இருக்கிறது.

அரை மணியில் இரண்டு தடியன்கள் வந்தார்கள். ஒருவன் தண்ணீர் டிரம்மை உதைத்துக் கவிழ்த்தான். இன்னொருவன் என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு வைத்து இடுப்பில் முட்டியால் இரண்டு, காலில் பூட்ஸால் ஒன்று. எழுபத்தாறு வயசு எலும்பு என்று பார்க்கவில்லை. நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டேன். அவன் அதைப் பார்த்து, "கிழவனுக்கு என்ன பெரிய மரியாத" என்றான். மரியாதை இல்லை. அவிழ்த்திருந்தால் அவன் குரல்வளை என் கையில் இருந்திருக்கும்.

இடுப்பு பரவாயில்லை. நீ கவலைப்படாதே. கமிஷனர் பொங்கல் முடிந்து வருவாராம்.

அண்ணன் (கைநாட்டு)


மாரிக்குப்பம்
20-12-2024

அண்ணாவுக்கு. டெங்கு வந்து படுத்துவிட்டேன், இரண்டு மாதம் எழுத முடியவில்லை. இப்போது எழுந்து நடமாடுகிறேன். இடுப்பில் அடி என்று படித்ததிலிருந்து எனக்கே அங்கே வலிக்கிறது. கையைக் கோத்து நின்றீர்களே, அதற்கு என் தெய்வம் உங்களுக்குத் துணை இருக்கும்.

போகிக்கு முந்தின நாள் ரயிலில் வருகிறேன். குழந்தைக்கு அதிரசம் சுட்டு எடுத்து வருவேன். கமிஷனர் வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மரகதம்


ஜீவனஹள்ளி
27-1-2025

அன்புத் தங்கச்சிக்கு. பதினேழாம் தேதி நீ ரயிலேறினாய். சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று குணசேகர் சொன்னான். அதிரசம் இன்னும் இரண்டு இருக்கிறது.

இருபதாம் தேதி, திங்கட்கிழமை, பகல் பதினொன்றரைக்குக் கமிஷனர் வந்தார். கண்ணாடி போட்ட, மரியாதையான மனிதர். செருப்பை வாசலில் கழற்றினார். சுதீரும் அவன் வக்கீலும் பின்னால். உள் அறைக்குப் போனார். சுவர் வெள்ளையாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் சுண்ணாம்பு வந்தது. அவ்வளவுதான். எழுதிக்கொண்டு போனார்.

"சுவர் அண்மையில் வெள்ளையடிக்கப்பட்டு நல்ல நிலையில் உள்ளது, பூசணம் காணப்படவில்லை." இது அவர் எழுதியது. ஆஞ்சலா மூன்று தடவை படித்துக் காட்டினாள்.

ராஜலக்ஷ்மி மேடம் தலையில் அடித்துக்கொண்டாள். "யாராவது சாட்சி மேல சுண்ணாம்பு அடிப்பாங்களா? முப்பது வருஷத்துல இப்படி ஒரு குடும்பத்த நான் பாத்ததில்ல!" சுதீர் படியில் நின்று கைதட்டினான். "நல்லா அடிச்சிருக்கீங்க தாத்தா. எனக்குச் செலவு மிச்சம்."

இங்கே குளிர் விட்டுவிட்டது. முழங்காலுக்கு நான் கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா?

அண்ணன் (கைநாட்டு)


மாரிக்குப்பம்
10-3-2025

அண்ணாவுக்கு.

ஒன்றரை மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது என்று இருக்கிறது. யார் வெள்ளையாக்கியது என்று இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறீர்கள்.

நான்தான். போகி அன்று காலையில் லாவண்யா வேண்டாம் வேண்டாம் என்றாள். "பெரிய மனுஷன் வரப்போ இந்த அசிங்கத்தையா காட்டுவாங்க? நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?" என்று சொல்லி நான்தான் சுண்ணாம்பு மட்டையை எடுத்தேன். குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே அடித்தேன். நீலம் கூடக் கலந்தேன், பளிச்சென்று இருக்கட்டும் என்று.

என் கையாலேயே அந்தக் குழந்தையின் கேஸை மூடிவிட்டேன். திட்டி ஒரு வரி எழுதுங்கள். உங்கள் மௌனம் தாங்கவில்லை.

மரகதம்


ஜீவனஹள்ளி
7-4-2025

அன்புத் தங்கச்சிக்கு. நான் நன்றாக இருக்கிறேன். முதலில் சுண்ணாம்பை முடிப்போம்.

மட்டையை எடுத்தது நீ. சுண்ணாம்பை நீற்றிக் கலக்கிக் கொடுத்தது யார்? சிவாஜி நகருக்குப் போய்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி வந்தது யார்? நம் லைன் வீடுகளில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் அப்பா என்ன செய்வார்? முதல் நாளே வெள்ளையடிப்பார். சுவர் அழுக்காக இருந்தால் அபராதம். அரைச் சம்பளம் போய், ஒரு வாரம் கூழ் குடித்தோம் ஒரு தடவை, அறுபத்திரண்டு, ஐப்பசி. அன்று முதல் அதிகாரி என்ற சொல் கேட்டாலே நம் கை சுண்ணாம்பைத் தேடுகிறது. நம்மை மாதிரி லைனில் பிறந்தவர்கள் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். உன்னை எதற்குத் திட்ட?

இனி நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரியில் பூசணம் சுண்ணாம்பைத் துளைத்துக்கொண்டு வந்தது. வெள்ளை மேல் கறுப்பு, முன்னைவிடக் கேவலம். குழந்தையை இன்னும் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வக்கீலம்மா மறுபடி கமிஷனர் கேட்டாள். ஜூனில் தேதி கொடுத்தார்கள். தீபிகாவின் விலாவுக்கு ஜூன் என்றால் என்ன தெரியும்?

மார்ச் இருபத்தொன்பது, சனிக்கிழமை, பகல். குணசேகர் லோடுக்குப் போயிருந்தான், லாவண்யா கார்மென்ட்ஸ் கம்பெனி வேலையில். குழந்தை பள்ளிக்கூடத்தில். கமிஷனர் ரிப்போர்ட் தன் பக்கம் என்ற தைரியத்தில் சுதீர் அதே தடியன்களோடு வந்தான், சாமானை வெளியே எறிய. அரிசி டிரம் தெருவில் உருண்டது. தடுக்கப் போன என்னை ஒருவன் வாசலிலேயே கீழே தள்ளி நெஞ்சில் மிதித்தான். லட்சுமம்மா தன் வீட்டு மாடியிலிருந்து அதைப் போனில் எடுத்திருக்கிறாள்.

எழுந்தேன். சுத்தியை எடுத்தேன். சத்தியத்தை மறக்கவில்லை. ஆளிடம் போகவில்லை, சுவரிடம் போனேன். பொக்கு எங்கே என்று கைக்குத் தெரியும். மூன்றாவது அடியில் பூச்சு விழுந்தது. ஐந்தாவதில் செங்கல் உள்ளே போனது. கறுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. செத்த எலியின் நாற்றம். உள்ளே சாண் நீளத்துக்கு வாயைப் பிளந்த குழாய், சாக்கைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தது. அவனுக்கு முதலிலிருந்தே தெரியும், மரகதம். தெரிந்துதான் கட்டி மூடியிருக்கிறான்.

சுதீர் ஓடிவந்து ஓட்டையின் பக்கத்தில் கையை வைத்து மறைத்தான். சுத்தி நழுவியது. அவன் வலது கை நசுங்கிவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். லட்சுமம்மாவின் போன் படமும் உடைந்த சுவரும் இருந்ததால் இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்தார். லீஸ் பணத்தை ஒரே தடவையில் திருப்பித் தருவது, நாங்கள் காலி செய்வது, கை நசுங்கியது சுத்தி நழுவியதால் என்று இருவரும் ஒப்புக்கொள்வது, இதுதான் சமரசம். நான் கைநாட்டு வைத்தேன். பணம் வந்துவிட்டது. ஹெப்பகோடியில் மூன்றாம் மாடி வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். மூன்று பக்கமும் வெயில். சுவரெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டேன், ஒரு இடத்திலும் பொக்கு இல்லை.

வீடு மாறும்வரை குழந்தையை லாவண்யா உன்னிடம் கொண்டுவந்து விடுவாள். பள்ளி திறக்கும்வரை வைத்துக்கொள்.

அண்ணன் (கைநாட்டு)


மாரிக்குப்பம்
12-5-2025

அண்ணாவுக்கு வணக்கம். உங்கள் நெஞ்சு வலி குறைந்ததா? மிதித்த இடத்தில் ஒத்தடம் கொடுங்கள்.

தீபிகா நன்றாக இருக்கிறாள். வந்த முதல் வாரத்திலேயே மூச்சு இழுப்பு நின்றது. மூச்சுக்கு உறிஞ்சும் மருந்துக் குழாயைத் தொட்டே இருபது நாளாகிறது. பக்கத்து வீட்டுப் பெண்களோடு பாண்டி ஆடுகிறாள், இரண்டு தோசைக்கு மேல் கேட்கிறாள். கன்னம் ஏறியிருக்கிறது. நீங்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது.

குழந்தை அன்று பள்ளிக்கூடத்தில் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். ஒரு நாள் ஷங்கர் ஆணி அடிக்கச் சுத்தியோடு வந்தான். குழந்தை கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். வெளியே எடுக்க ஒரு மணி நேரமாயிற்று. "ரெண்டு, ரெண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எதில் ரெண்டு என்று நான் கேட்கவில்லை.

வேறு ஒன்றுமில்லை. தூங்கும்போது மட்டும் இரண்டு கையையும் வயிற்றுக்கு அடியில் வைத்துக் குப்புறப் படுக்கிறாள். நான் எடுத்துவிட்டால் தூக்கத்திலேயே திரும்ப ஒளித்துக்கொள்கிறாள். குளிருக்காக இருக்கும்.

மரகதம்


ஜீவனஹள்ளி
26-5-2025

அன்புத் தங்கச்சி மரகதத்துக்கு. நெஞ்சு தேவலை. ஹெப்பகோடிக்குக் குடிபோய் மூன்று வாரமாகிறது. இதை லாவண்யாவிடம் சொல்லி எழுத முடியாது. அதற்காகவே இரண்டு பஸ் மாறி ஆஞ்சலாவிடம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதமாட்டேன் என்று இரண்டு தடவை பேனாவை மூடினாள். இதில் கெட்ட வார்த்தை இல்லை, எழுது என்றேன்.

மே மாதத்தில் மாரிக்குப்பத்தில் குளிர் ஏது?

சுத்தி நழுவவில்லை. என் கையிலிருந்து சுத்தி இதுவரை நழுவியதே கிடையாது. அவன் கை சுவரில் ஐந்து விரலும் விரிந்து இருந்தது. மோதிர விரலில் சிவப்புக் கல். பார்த்தேன். பார்த்துவிட்டு ஓங்கினேன். முதல் அடியிலேயே எலும்பு போனது, பிடியில் தெரிந்தது. அவன் கையை இழுக்க முடியாமல் சுவரோடு சரிந்தான். இரண்டாவது அடி எதற்கு என்று கேள். அவன் "மூச்ச கம்மியா விடுங்க" என்றது ஞாபகம் வந்தது. அதற்கு.

திரும்பினேன். தீபிகா கட்டில் மேல் நின்றிருந்தாள். சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம், நான்தான் பன்னிரண்டு மணிக்கு அழைத்து வந்தேன். வாய் பெரிதாகத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதட்டைப் படித்தேன்: தாத்தா வேணாம், தாத்தா வேணாம். எத்தனை நேரமாகக் கத்தினாளோ, எனக்குத் தெரியாது. முதல் அடிக்கு முன்னாலேயே கத்தியிருப்பாள். இந்தக் காதுக்கு எட்டவில்லை.

அவள் மேல் ஆணையிட்டு, அவள் கண் முன்னாலேயே செய்தேன். என் கையிலிருந்து தன் கையை ஒளித்துக்கொண்டு தூங்குகிறாள். நீ குளிர் என்று எழுதினாய். நன்றி, மரகதம்.

ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கிறது. குணசேகர் வந்து அவளைக் காலை ரயிலில் கூட்டிக்கொண்டு வரட்டும். அந்த வீட்டில் காற்றும் வெயிலும் அவளுக்காகத்தான். நான் அங்கே இருக்கமாட்டேன். அன்றே சாயங்கால ரயிலில் உன் வீட்டுக்கு வருகிறேன். மூலையில் ஒரு பாய் போதும். மகனிடம் தங்கச்சிக்கு முழங்கால் முடியவில்லை, துணைக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் ஆமாம் என்று சொல்.

அவள் கையை வெளியே போட்டுத் தூங்கினால் லாவண்யா ஒரு வரி எழுதட்டும். அதுவரை நான் பெங்களூருக்குத் திரும்ப வேண்டியதில்லை.

முழங்காலைப் பார்த்துக்கொள். தைலம் வாங்கி வருகிறேன்.

அண்ணன் ராமலிங்கம் (கைநாட்டு)